கண்ணாடிக்குள் மிதவை அங்கிகள்

செரி பாயு விமான நிறுவனத்தில் பாதுகாப்புக்கென்று தனி இடம் உண்டு. மலேசியாவின் அலோர் ஸ்டார் விமான நிலையத்தை ஒட்டிய தலைமையகத்தின் தரைத்தளத்தில், வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சுவரும் குளிர்சாதன வசதியும் கொண்ட பெரிய அறை அது. கதவில் 'பாதுகாப்பு மண்டபம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கும். ஊழியர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. கண்ணாடியில் கைரேகை படும்.

மண்டபத்தின் சாவி காளிதாசனிடம் இருந்தது. அவன் நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாட்டு அதிகாரி. விமானத்தைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. அதே நிறுவனத்தில் விமானியாக இருக்கும் குணசுந்தரியைக் கட்டிக்கொண்டதுதான் விமானத்துறையில் அவன் செய்த ஒரே சாதனை. மற்றபடி அவன் வேலை வாசகம் எழுதுவது. 'பாதுகாப்பு உங்கள் உள்ளத்தில் இருக்கிறது' என்பது அவன் எழுதியதுதான். நிறுவனத் தலைவர் டத்தோ சுப்பிரமணியத்துக்கு அது மிகவும் பிடித்துப்போய், சுவரிலும் காப்பிக் கோப்பையிலும் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் அச்சிடச் செய்தார். டத்தோ என்பது சுல்தான் கொடுத்த பட்டம். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றும் அழைப்பார்கள். அது கோல்ஃப் மன்றத்தில் கிடைத்த பட்டம்.

சென்ற ஆண்டு பொன்னிறகுப் பாதுகாப்பு விருதுக்கு நடுவர்கள் வருவதாக இருந்தது. அவர்களை அசத்த மண்டபத்தின் பெரிய சுவரில் ஒரு கழுகு வேண்டும் என்றார் டத்தோ. காளிதாசனுக்கு ஒரு யோசனை தோன்றியது. விமானங்களில் ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் மஞ்சள் மிதவை அங்கி இருக்கிறதே, அவற்றையே இறகுகளாக அடுக்கினால் என்ன? நடுவர்கள் வந்து போகும்வரைதானே. அங்கிகள் எல்லாம் கழற்றப்பட்டு மண்டபத்துக்கு வந்தன. சிறகு விரித்த கழுகு சுவரை அடைத்து நின்றது. நடுவர்கள் அதன்முன் படமெடுத்துக்கொண்டு, நாட்டிலேயே பாதுகாப்பான நிறுவனம் என்று விருதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு கழுகைக் கலைக்க டத்தோவுக்கு மனம் வரவில்லை. புதிய அங்கிகள் வாங்குவது பற்றிக் கொள்முதல் பிரிவு ஆழ்ந்து பரிசீலித்து வந்தது. அதுவரை இருக்கைக்கடியில் இருந்த பைகள் சப்பையாகத் தெரியக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுத் துண்டும் ஓர் அட்டையும் வைத்துத் தைக்கப்பட்டன. அட்டையில் காளிதாசனின் வாசகம் இருந்தது.

கடல் தாண்டி லங்காவித் தீவுக்குக் கிளம்பும் விமானத்தில் ஒரு பயணியின் காதுத் தோடு கீழே விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தோட்டைத் தேடப் போன குணசுந்தரி இருக்கைக்கடியில் கையை விட்டாள். தையல் பிரிந்து அட்டை கையோடு வந்தது. அவள் அடுத்த இருக்கையைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பிறகு பயணிகளை மரியாதையாக இறக்கிவிட்டு, தானும் இறங்கினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது காளிதாசனின் தட்டில் சோற்றுக்குப் பதிலாக அந்த அட்டை இருந்தது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான். எழுத்து நல்லா தெரியுதா? கொஞ்சம் பெருசா போடலாம்னு பாத்தேன்."

"கடல்ல விழுந்தா இதக் கட்டிக்கிட்டு மிதக்கலாமா?"

காளிதாசன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது, சுந்தரி. லேமினேட் பண்ணிருக்கு."

அவள் அட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"மெதக்குற சட்டை திரும்பி வர்ற வரைக்கும் நான் ஃப்ளைட் எடுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். கோபத்திலும் கருவாட்டுத் துண்டு அவன் பக்கமே அதிகம் விழுந்தது.

மறுநாள் கேப்டன் ஹாஃபிஸும் எடுக்க மாட்டேன் என்றார். அந்த வாரத்துக்குள் விமானிகள் அத்தனை பேரும் எடுக்க மாட்டேன் என்றார்கள். செரி பாயுவின் விமானங்கள் அலோர் ஸ்டாரில் வரிசையாக நின்று வெயில் காய்ந்தன.

டத்தோ அவசரக் கூட்டம் போட்டார். கழுகைப் பின்னணியாக வைத்து மேடை அமைக்கப்பட்டது.

"அன்பார்ந்த விமானிகளே," என்று தொடங்கினார். "நம் நிறுவன வரலாற்றில் ஒரே ஒரு மிதவை அங்கியைக்கூட எந்தப் பயணியும் பயன்படுத்தியதில்லை. யாருமே பயன்படுத்தாத ஒரு பொருளின்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு பாசம்? நீங்கள் கடலில் விழத் திட்டமிடுகிறீர்களா? இல்லையென்றால் அங்கி எதற்கு? திட்டமிடுகிறீர்கள் என்றால், அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் அல்லவா?"

நிர்வாகக் குழு கைதட்டியது. கேப்டன் ஹாஃபிஸ் கையைத் தூக்கினார்.

"டத்தோ, ஜேக்கெட் உங்க பின்னாலதான் தொங்குது. எடுத்துக் குடுத்தா இப்பவே பறக்கிறோம் லா."

டத்தோ திரும்பிப் பார்த்தார். அவர் முகம் கனிந்தது. "இது அங்கி அல்ல கேப்டன். இது பாதுகாப்பு. இதைப் போய்ப் பிய்த்துப் பயணிகளின் காலடியில் போடச் சொல்கிறீர்களே!"

கூட்டத்தின் முடிவில், சிக்கல் விமானத்தில் இல்லை, விமானிகளின் மனத்தில்தான் இருக்கிறது என்று கண்டறியப்பட்டது. எனவே மனிதவள மேலாளர் வாசுகி ஒரு நம்பிக்கைப் பட்டறை ஏற்பாடு செய்தார். விமானிகள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும். நிர்வாகக் குழுவினர் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பார்கள். நிர்வாகத்தின்மேல் நம்பிக்கை தானாக வளரும்.

கேப்டன் ஹாஃபிஸ் முதலில் சாய்ந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து நிதி இயக்குநருக்குக் கைப்பேசி அழைப்பு வந்தது. மற்ற இயக்குநர்கள் ஒவ்வொருவரும் வேறு யாரோ பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல," என்று தரையிலிருந்தபடியே ஹாஃபிஸ் சொன்னார். "இப்ப நல்லா புரிஞ்சிடுச்சு."

முழங்கையில் கட்டோடு அவர் வீட்டுக்குப் போனார். பட்டறை முழு வெற்றி என்று வாசுகி மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மின்னஞ்சலுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது காளிதாசன்தான். 'விழுந்தாலும் எழுவோம்.'

அடுத்து, விமானிகளில் பலர் நம்மவர்கள் என்பதால் இது கண்ணேறு சம்பந்தப்பட்ட அச்சமாக இருக்கலாம் என்று டத்தோவுக்குத் தோன்றியது. பாலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலிலிருந்து பூசாரி ராமையாவை வேன் வைத்து அழைத்து வந்தார்கள். விமானத்துக்குப் பூசை போட வேண்டும். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம் என்றபோது மட்டும் பொறியாளர்கள் குறுக்கே வந்தார்கள். விமானம் நிற்கும் தளத்தில் பழத் துணுக்கோ தேங்காய்ச் சில்லோ கிடக்கக் கூடாது. அது பாதுகாப்பு விதி. அந்த ஒரு விதியில் நிறுவனம் மிகவும் கண்டிப்பாக இருந்தது. தேங்காயைப் பிளாஸ்டிக் வாளிக்குள் உடைப்பதென்று முடிவாயிற்று.

ராமையா வாளியைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். பிறகு காளிதாசனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளைங்க எதுக்கு ஓட்ட மாட்டேங்குது?"

"லைஃப் ஜேக்கெட் இல்லன்னு சொல்றாங்கண்ணே."

"இல்லியா?"

"இருக்கு. ஆபீஸ்ல இருக்கு."

ராமையா கற்பூரத்தை மறுபடி மடியில் கட்டினார். "எங்க முனியாண்டிக்கும் மேல சட்ட கெடையாதுதான். ஆனா அவரு கடலுக்கு மேல ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறது இல்ல பாரு. சட்டைய எடுத்து வச்சிட்டுச் சொல்லு, வந்து ஒடச்சுத் தரேன்."

சாமியும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி நகரமெங்கும் பரவியது. பத்திரிகைகள் விசாரிக்கத் தொடங்கின. டத்தோ காளிதாசனை அறைக்கு அழைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை காலை, நம் மாநிலத்தில் வாரத்தின் வேலை தொடங்கும் முதல் நாள், நம்பிக்கைப் பயணம். நான் ஏறுகிறேன், நிர்வாகக் குழு முழுக்க ஏறுகிறது. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். படத்துக்கு அழகாக இருக்க, இதுவரை விமானமே ஏறாத தோட்டத்து மக்கள் கொஞ்சம் பேரை அழைத்திருக்கிறோம். உங்கள் மனைவிதான் ஓட்ட வேண்டும். அவர்தானே முதலில் மறுத்தவர்?"

"அவ ஒத்துக்க மாட்டா, டத்தோ."

"அப்படியென்றால் அன்றோடு அவர் வேலை முடிந்தது. விமானம் எடுக்க மறுத்தவர் என்று பதிவில் எழுதிவிட்டால் வேறு எந்த நிறுவனமும் அவரை விமானத்தின் பக்கம் சேர்க்காது. பிறகு வாழ்நாள் முழுக்கத் தரையில்தான் நடக்க வேண்டும்." டத்தோ அவன் தோளைத் தட்டினார். "வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் வாசகம் எழுதுகிறவர். சொந்த மனைவிக்கு ஒரு வாசகம் வராதா?"

விமானப் பணிப்பெண்களும் வர மறுத்துவிட்டதால், பயணிகளுக்கான பாதுகாப்பு விளக்கத்தையும் காளிதாசனே செய்ய வேண்டும் என்று முடிவானது. மிதவை அங்கி பற்றிய பகுதி நீக்கப்பட்ட உரை அவன் கையில் தரப்பட்டது.

வீட்டில் குணசுந்தரி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காளிதாசன் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"ஒரே ஒரு தடவை, சுந்தரி. லங்காவி என்ன தூரமா? ஏறுனா எறங்கப் போறோம். பறக்குறது உனக்கு எவ்ளோ புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? அத அவனுங்க புடுங்கிடுவானுங்க."

"நீங்களும் ஏறுறீங்களா?"

"ஆமா. டெமோ நான்தான் செய்யணும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பந்தாய் மெர்டேக்காவுல முட்டியளவு தண்ணில என் கையப் புடிச்சிக்கிட்டு, அலை வருது அலை வருதுன்னு கத்துன ஆளு நீங்க. உங்கள உக்கார வச்சிக்கிட்டு, சட்டை இல்லாம நான் கடலத் தாண்டணும். அதானே?"

காளிதாசனுக்கு ஒரு வாசகமும் வரவில்லை.

"ஏங்க, எனக்கு வேலை போனா போவட்டும். நான் அந்த சீட்டுல உக்காந்தா, பின்னால இருக்கிற அத்தனை பேரும் என் பொறுப்பு. அவங்க உள்ளத்துல என்னா இருக்குன்னு நான் பாக்க முடியாது. சீட்டுக்கு அடியில என்னா இருக்குன்னுதான் பாக்க முடியும்." சீருடையைக் கொக்கியில் தொங்கவிட்டாள். "ஞாயித்துக்கிழம வரேன்னு சொல்லுங்க. வந்து உக்காருவேன். எடுக்குறது, சட்டை வந்தப்புறம்."

ஞாயிறு காலை காளிதாசன் சீக்கிரமே அலுவலகம் வந்து, வழக்கம்போல் கண்ணாடியைத் துடைக்க மண்டபத்தைத் திறந்தான். துடைக்கும் துணி கையிலேயே நின்றுவிட்டது. கழுகின் மார்பில் ஓட்டை விழுந்திருந்தது. நிர்வாகக் குழுவில் எத்தனை பேரோ அத்தனை இறகுகளைக் காணோம். இன்னொரு சாவி டத்தோவிடம்தான் இருந்தது.

காளிதாசன் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான். எத்தனையோ வாசகம் எழுதியிருக்கிறான். பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் அவனிடம் சொன்னதில்லை.

விமான நிலையத்தில் ஒரே கூச்சல். தோட்டத்து விருந்தினர்கள் வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். தலைமை தாங்கி வந்தவள் அழகம்மா, குணசுந்தரியின் தாய். பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, இடுப்பில் கயிறு, கயிற்றின் முனையில் சமையல் எண்ணெய் வரும் மஞ்சள் பிளாஸ்டிக் கேன், அவர்கள் பேச்சில் தோங், ஒன்று காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு தோங் இருந்தது. அவர்கள் தோட்டம் ஆற்றோரம். வெள்ள மாதம் வந்தால் மூடியை இறுக்கிய காலித் தோங்குகளைக் கயிறு கட்டி வாசலில் தொங்கவிட்டுத்தான் தூங்குவார்கள்.

"அத்தை, என்னா இது?" என்று காளிதாசன் பதறினான்.

"மகதான் சொன்னா, ஏரோப்ளேன்ல மெதக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு. வராதம்மான்னா. வேன் அனுப்பி மரியாதையா கூப்புட்டிருக்காங்க, எப்புடி மாப்புள வராம இருக்கறது? அதான் அவங்கவங்க அவங்கவங்களுக்கு எடுத்துட்டு வந்துட்டோம்."

சோதனைக்காரர் தோங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைத் தடுக்கும் விதி அவரிடம் இல்லை. பத்திரிகைக்காரர்கள் தோங்குகளைப் படமெடுக்கத் தொடங்கியதும் டத்தோ விரைந்து வந்தார்.

"பாருங்கள், நம் மக்களின் பாரம்பரியக் கைப்பை!" என்று புன்னகைத்தார்.

வெயில் கொளுத்திய அந்தக் காலையில் டத்தோ கனமான கோட்டு போட்டு எல்லாப் பொத்தான்களையும் மாட்டியிருந்தார். நிர்வாகக் குழுவினர் அனைவரும் அப்படியே. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் மார்பு விரிந்திருந்தது. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

விமானத்துக்குள் டத்தோ முதல் வரிசையில் அமர்ந்து, படத்துக்காக அழகம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தோங் அவள் மடியில் இருந்தது. விமானியறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே குணசுந்தரி சீருடையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் அமர்ந்திருந்தாள்.

"கேப்டன் ஏன் இன்னும் கிளப்பவில்லை?" என்று டத்தோ பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல டெமோ, டத்தோ," என்றாள் அவள் திரும்பாமலே. "அது முடியாம எடுக்கக் கூடாது."

காளிதாசன் நடைபாதையில் எழுந்து நின்றான். கையில் உரை இருந்தது. 'இப்போது கண்களை மூடி, பாதுகாப்பை உள்ளத்தில் உணருங்கள்' என்று முதல் வரி தொடங்கியது. அவன் மனைவியின் முதுகைப் பார்த்தான். அந்த முதுகு அசையவே இல்லை. உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குணசுந்தரி வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கும் பழைய விளக்கம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. உங்கள் மிதவை அங்கி இருக்கைக்கு அடியில் உள்ளது. தயவுசெய்து இப்போது கையை விட்டுப் பாருங்கள்."

"காளிதாசன்!" என்றார் டத்தோ.

பத்திரிகைக்காரர்கள் குனிந்தார்கள். தையல் பிரியும் ஓசை வரிசை வரிசையாகக் கேட்டது. அட்டைகள் வெளியே வந்தன. பஞ்சு பறந்தது. நிர்வாகக் குழுவில் ஒருவர்கூடக் குனியவில்லை. அவர்களால் குனிய முடியவில்லை.

"அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொள்ளவும்," என்று காளிதாசன் தொடர்ந்தான். "இடுப்புப் பட்டையை இறுக்கவும். காற்று நிரப்ப, கீழே தொங்கும் சிவப்பு நாடாவைப் பிடித்து…"

அவன் கண் தன் மாமியாரின்மேல் நின்றது. அழகம்மாவோ ரொம்ப நேரமாகப் பக்கத்து இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டத்தோவின் கோட்டுக்குக் கீழே ஏதோ சிவப்பாக எட்டிப்பார்த்தது.

"…பலமாக இழுக்கவும்."

"இதுவா மாப்புள?" என்று கேட்டபடி அழகம்மா இழுத்தாள்.

புஸ்ஸ்ஸ் என்று ஓர் ஓசை. கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விமானியறை வரைக்கும் போயின. டத்தோவின் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஏதோ வளர்ந்தது. கன்னம் இரண்டும் மேலே ஏறிக் கண் மறைந்தது. இருக்கைக்கும் முன்சுவருக்கும் நடுவில் அவர் அசைய முடியாமல் இறுகிப்போனார். அடுத்தடுத்த வரிசைகளில் இயக்குநர்கள் இரண்டு கைகளாலும் தங்கள் மார்பைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயையோ, மன்னிச்சிடுங்க டத்தோ," என்றாள் அழகம்மா. "மாப்புள சொன்னாரேன்னு இழுத்தேன். ஆனா நல்லா வேல செய்யுது லா!"

கேமராக்கள் ஓயாமல் மின்னின. ஒலிபெருக்கி கரகரத்தது.

"வணக்கம், உங்க கேப்டன் குணசுந்தரி பேசுறேன். இந்த விமானத்துல கொஞ்சம் ஜேக்கெட் வந்து சேந்திடுச்சு. எல்லாம் முன்வரிசைங்கள்ல இருக்கு. மீதி எப்ப வரும்னு டத்தோ சொல்வாரு. வந்ததும் பொறப்படுவோம். அது வரைக்கும் யாரும் எறங்க வேண்டியதில்ல."

யாரும் இறங்கவில்லை. தோட்டத்து மக்கள் தோங்குகளை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் பத்திரிகைக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். டத்தோ மஞ்சளுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அது ஆணையா வேண்டுகோளா என்று யாருக்கும் விளங்கவில்லை.

காளிதாசன் படியிறங்கி ஓடினான். மண்டபத்தைத் திறந்து, சிறகின் நுனியிலிருந்து பிய்க்கத் தொடங்கினான். கேப்டன் ஹாஃபிஸ் கட்டுப்போட்ட கையோடு வந்து சேர்ந்துகொண்டார். பிறகு மற்ற விமானிகள், பணிப்பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பொன்னிறகு விருது பெற்ற கண்ணாடி முழுக்கக் கைரேகை.

மனிதவள மேலாளர் வாசுகி வாசலில் மறித்தார். கையில் அப்போதுதான் அச்சான கடிதம் இருந்தது.

"மிஸ்டர் காளிதாசன், பயணியைத் தூண்டிவிட்டுப் பாதுகாப்புச் சாதனத்தைப் பயன்படுத்த வைத்ததற்காக உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம். தெரிகிறதா?"

"தெரியுது மேடம். கொஞ்சம் இதப் புடிங்க," என்று ஒரு கட்டு அங்கிகளை அவர் கையில் திணித்துவிட்டு அவன் அடுத்த சிறகுக்குப் போனான். வாசுகி என்ன செய்வதென்று தெரியாமல் கட்டோடு விமானம்வரை நடந்து வந்துவிட்டார்.

விமானம் எடுக்க மறுத்தவர் என்று குணசுந்தரியின் பதிவில் எழுத, அன்று அவள் எடுக்க மறுத்த விமானம் ஒன்று வேண்டும். மதியத்துக்குள் இந்த விமானத்தை அவள் எடுக்கத்தான் போகிறாள் என்பது படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த மஞ்சள் கட்டுகளைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

காளிதாசன் மூச்சு வாங்க, கழுத்துவரை அங்கிகளைச் சுமந்துகொண்டு கடைசிப் படியில் வந்து நின்றான். கதவருகே குணசுந்தரி நின்றிருந்தாள். பார்த்துப் பல நாட்களான அந்தப் பழைய சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"வேலை போச்சு, சுந்தரி."

"கேள்விப்பட்டேன்." அவன் நெற்றி வியர்வையைத் தன் சீருடைக் கையால் துடைத்துவிட்டாள். "உள்ள போங்க. ஒவ்வொண்ணா வைங்க. சீட்டுக்கு அடியில, ஏங்க. உள்ளத்துல வச்சிடாதீங்க."